உழவரே ஆய்வாளர் ஆயினர்

பிலிப்பைன்ஸ் நாட்டு 'மசிபாக்' இயக்கத்தின் வரலாறு

வேளாண்மை ஆராய்ச்சி என்பது பட்டம் பெற்ற அறிஞர்க்கே உரிய தொழில் என்னும் எண்ணம் இன்று எங்கும் வேரூன்றியிருக்கின்றது. ஆராய்ச்சி நிலையத்தார் விதையைக் கண்டுபிடிப்பர். அரசாங்க அலுவலர் அதனை ஊருக்குக் கொண்டு செல்வர். உழவர் அதை வாங்கி விதைப்பர். இதுவே இயல்பான முறை எனப் பலரும் கருதுவர். ஆனால், ஆராய்ச்சி நிலையம் என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, காட்டுப் புல்லாய்க் கிடந்த நெல்லைப் பயிராக்கி, மேட்டுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று, உவர் நிலத்துக்கு ஒன்று என ஆயிரக்கணக்கான வகைகளைப் பிரித்தெடுத்தவர்கள் எழுத்தறியாத உழவர்களே. அவர்தம் கையிலிருந்த அத்தொழில் எவ்வாறு நழுவிற்று? நழுவியதை மீண்டும் பற்ற முடியுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தரும் வரலாறு ஒன்று பிலிப்பைன்ஸ் நாட்டில் நிகழ்ந்துள்ளது.

அந்நாட்டு உழவரும் அறிஞர் சிலரும் கூடி அமைத்த இயக்கத்தின் பெயர் 'மசிபாக்'. 'வேளாண்மை வளர்ச்சிக்கான உழவர் - விஞ்ஞானியர்' என்னும் பொருளுடைய தகாலோக் மொழித் தொடரின் முதலெழுத்துகளாலும் அசைகளாலும் ஆனது அப்பெயர். அம்மொழியில் 'மசிபாக்' என்ற சொல்லுக்கு 'உழைப்பாளி' என்ற பொருளும் உண்டு. பெயரில் உழவர் முன்னும் விஞ்ஞானியர் பின்னும் நிற்பது தற்செயலன்று என்பது பின்வரும் செய்திகளால் விளங்கும்.

லாஸ் பானோஸில் பிறந்த புது நெல்

மணிலாவுக்குத் தெற்கே லகூனா மாநிலத்தில் லாஸ் பானோஸ் என்னும் ஊர் உள்ளது. அங்கு 1960ஆம் ஆண்டில், அமெரிக்காவின் போர்டு, ராக்பெல்லர் அறநிறுவனங்களின் பொருளுதவியோடு அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. இந்தோனேசியாவின் 'பேத்தா' என்னும் உயர்ந்த நெல்லையும், தைவானின் குட்டை நெல் ஒன்றையும் இனக்கலப்புச் செய்து அந்நிலையத்தார் உருவாக்கிய புது நெல், 1966ஆம் ஆண்டு நவம்பரில் 'ஐ. ஆர். 8' என்ற பெயரில் வெளியிடப்பெற்றது.

பழைய நெற்பயிர் உயரமானது. உரம் மிகுதியாக இட்டால் தலை கனத்துச் சாய்ந்துவிடும். புதுப்பயிரோ குட்டையானது, தடித்த தண்டுடையது, இட்ட உரத்தையெல்லாம் மணியாக்க வல்லது. இந்த ஒரு வேறுபாடே விளைச்சலைப் பன்மடங்காக்கிற்று. லாஸ் பானோஸுக்கு நேரில் வந்த உழவர்க்குத் தலைக்கு 2 கிலோ விதை இலவசமாக வழங்கப்பட்டது. அந்நெல் மலேசியாவுக்கு வந்து 'ரியா' என்ற பெயர் பெற்றது. தமிழ்நாட்டு உழவர் அதனை 'ஐ. ஆர். எட்டு' என்றே அழைத்தனர். பஞ்சம் வரும் என்று அஞ்சியிருந்த ஆசிய நாடுகளுக்கு அது பேருதவி புரிந்தது என்பதை எவரும் மறுத்தற்கில்லை.

எனினும், அவ்விதை தனியே வரவில்லை. உரம், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பாசன நீர் ஆகிய அனைத்தும் அதனுடன் சேர்ந்தே வரவேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்று குறைந்தாலும் எதிர்பார்த்த விளைச்சல் கிட்டாது.

'மசகானா 99' என்னும் திட்டம்

1973ஆம் ஆண்டில், மார்கோஸ் அரசாங்கம் 'மசகானா 99' என்னும் பெருந்திட்டத்தைத் தொடங்கிற்று. 'மசகானா' என்றால் 'வளமிக்க' என்று பொருள். எக்டருக்கு 99 காவான், அஃதாவது ஏறத்தாழ 4.4 டன் நெல் விளைவிப்பதே அதன் குறிக்கோள். ஈடு எதுவும் கேளாமல் கிராம வங்கிகள் உழவர்க்குக் கடன் வழங்கின. ஆனால் கடனின் ஒரு பகுதி பணமாக வராமல், உரமும் மருந்தும் வாங்குவதற்கான சீட்டாகவே வந்தது. எந்த விதை, எவ்வளவு உரம், எந்நாளில் மருந்து என்பன யாவும் படிப்படியாக வகுத்துக் கொடுக்கப்பட்டன. உழவன் செய்யவேண்டியதெல்லாம் சொன்னபடி செய்வதே.

முதலில் விளைச்சல் பெருகிற்று. 1970களின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸ் சிறிதளவு அரிசியை ஏற்றுமதி செய்யவும் முடிந்தது. ஆனால் ஒரே வகை நெல் பெரும்பரப்பில் பயிரானதால், அதனைத் தாக்கவல்ல பூச்சியும் நோயும் பெருகின. 'துங்ரோ' என்னும் நச்சுயிரி நோய் பரவியது; புகையான் பூச்சி வயல்களை எரித்தாற்போல் காய வைத்தது. அதைத் தாங்கும் 'ஐ. ஆர். 26' 1973இல் வெளிவந்தது. சில ஆண்டுகளிலேயே பூச்சி அதனையும் வென்றது. 1976இல் 'ஐ. ஆர். 36' வந்தது. ஒவ்வொரு முறையும் உழவன் புது விதையை எதிர்நோக்கி நின்றான். தன் வீட்டுப் பத்தாயத்தில் இருந்த பழைய விதையோ முளைப்புத்திறன் இழந்து மறைந்தது.

பூச்சிக்கொல்லியால் விளைந்த கேடு மற்றொன்று. மத்திய லூசோன் சிற்றூர்களில் பூச்சிக்கொல்லிப் பயன்பாடு பெருகிய காலத்தில் உழைக்கும் வயது ஆடவரின் இறப்பும் உயர்ந்ததை மைக்கேல் லோவின்சன் என்னும் ஆய்வாளர் 1987ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் எடுத்துக்காட்டினார். வயல் நீரில் மீனும் தவளையும் குறைந்தன. அவை ஏழை உழவனின் அன்றாடக் கறியாக இருந்தவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கடனோ திரும்பவில்லை, பல கிராம வங்கிகள் தத்தளித்தன. 1983இல் எதிர்க்கட்சித் தலைவர் அக்கினோ கொலையுண்டபின் நாட்டின் நாணய மதிப்புச் சரிந்தது. இறக்குமதி உரத்தின் விலை ஏறிற்று. 1984இல் 'மசகானா 99' முடிவுற்றது. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது' என்னும் தமிழ்ப் பழமொழி பிலிப்பைன்ஸ் உழவர்க்கும் அப்படியே பொருந்திற்று.

1985: உழவர் கேட்ட வினா

இந்நிலையில், சமூகத் தொண்டு நிறுவனத்தார் சிலர் ஊர் ஊராகச் சென்று உழவர் கருத்துகளைத் திரட்டினர். அதன் விளைவாக 1985ஆம் ஆண்டில் அரிசிச் சிக்கல் குறித்த தேசிய மாநாடு ஒன்று கூட்டப்பெற்றது. உழவர் பேராளர்கள், தொண்டு நிறுவனத்தார், பிலிப்பைன்ஸ் பல்கலைக் கழகத்தின் லாஸ் பானோஸ் வளாகத்தைச் சார்ந்த விஞ்ஞானியர் ஆகியோர் அதிற் கலந்துகொண்டனர். 'பிகாஸ்' என்பது அம்மாநாட்டின் சுருக்கப் பெயர். தகாலோக் மொழியில் அரிசிக்கும் அதுவே பெயர்.

அறிஞர் கூட்டத்தில் குறிப்பிடத்தக்கவர் டாக்டர் பர்ட்டன் ஒன்யாட்டே. இவர் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்திலேயே புள்ளியியல் அறிஞராகப் பணியாற்றியவர். உள்ளிருந்து கணக்கறிந்த ஒருவர், உழவன் கைக்கு என்ன மிஞ்சுகிறது என்ற கணக்கைக் கேட்டபோது அவ்வினாவுக்குத் தனி வலிமை உண்டாயிற்று. மண்ணியல் பேராசிரியர் டாக்டர் ஏஞ்செலினா பிரியோனஸ் போன்றோரும் இவ்வியக்கத்துக்குத் தோள் கொடுத்தனர்.

அக்காலத்தில் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமை இயக்குநராக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த தமிழரான டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் என்பது தமிழர் அறியத்தக்க செய்தி. 1982 முதல் 1988 வரை அவர் அப்பொறுப்பை வகித்தார். பிற்காலத்தில் இந்தியாவில் உழவர் உரிமைக்காக வாதிட்டவர்களுள் அவரும் ஒருவர். உழவனைப் பயிரிடுபவனாக மட்டுமன்றி, விதையைக் காப்பவனாகவும் புது வகையை உருவாக்குபவனாகவும் ஏற்றுக்கொள்ளும் சட்டத்தை இந்தியா 2001இல் இயற்றியது.

மாநாட்டில் உழவர் வைத்த கோரிக்கை, 'எங்களுக்கு நல்ல விதை கொடுங்கள்' என்பதன்று. 'விதையைத் தேர்ந்தெடுக்கும் அறிவையும் ஆற்றலையும் எங்களிடம் திருப்பித் தாருங்கள்' என்பதே அதன் சாரம். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. முன்னதில் உழவன் பெறுபவன், பின்னதில் செய்பவன். 1986 பிப்ரவரியில் மக்கள் எழுச்சியால் மார்கோஸ் ஆட்சி வீழ்ந்தது. அதனையடுத்து உழவரும் அறிஞரும் நாட்டு நெல் வகைகளைத் தேடித் திரட்டத் தொடங்கினர். மத்திய லூசோனின் நெற்களஞ்சியமாகிய நுவேவா எசிஹா மாநிலத்தில், ஹயேன் என்னும் ஊரில் முதற் சோதனைப் பண்ணை 1987இல் உருவாயிற்று. ஜெர்மனியின் கத்தோலிக்கத் தொண்டு நிறுவனமாகிய 'மிசேரியோர்' பொருளுதவி புரிந்தது.

சோதனை வயலின் நடைமுறை

மசிபாக் இயக்கத்தின் உயிர்நாடி ஊர்தோறும் அமைந்த சோதனை வயலாகும். ஓர் ஊரின் உழவர் சங்கம் சேர விரும்பினால், அச்சங்கமே நிலமும் உழைப்பும் தரவேண்டும். இயக்கம் விதை தரும். குறைந்தது 50 நெல் வகைகள் சிறுசிறு பாத்திகளில் தனித்தனியே நடப்படும். இரசாயன உரமோ பூச்சிக்கொல்லியோ இடுவதில்லை. எவ்வகை எத்தனை நாளில் பூத்தது, எத்தனை தூர் கட்டிற்று, எவ்வளவு உயர்ந்தது, காற்றுக்குச் சாய்ந்ததா, பூச்சியைத் தாங்கிற்றா, கதிருக்கு எத்தனை மணி, சோறு எப்படி இருந்தது என்பனவற்றையெல்லாம் உழவரே அளந்து குறிப்பேட்டில் எழுதுவர். அறுவடைக்கு முன் அக்கம்பக்கத்து உழவரெல்லாம் கூடி வயலைச் சுற்றிப் பார்த்துத் தத்தமக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பர். இவ்வாறு பல பருவம் சோதித்து, தம் ஊருக்குப் பொருந்திய பத்து வகைகளைக் கண்டுகொள்வர்.

இதில் ஆழ்ந்த கருத்து ஒன்று உண்டு. ஆராய்ச்சி நிலையம் தேடியது எந்நாட்டிலும் எம்மண்ணிலும் விளையக்கூடிய ஒரு விதை. அதற்காக மண்ணையும் நீரையும் விதைக்கேற்ப மாற்றவேண்டியிருந்தது. மசிபாக் உழவர் தேடியதோ தம் மண்ணுக்கேற்ற விதை. ஒரே மாநிலத்தில் மலைச்சாரல் உழவன் தேர்ந்த நெல்லும் கடலோரத்து உழவன் தேர்ந்த நெல்லும் வேறுபடும். அவ்வேறுபாடே நோய்க்கும் பூச்சிக்கும் எதிரான அரண் என்பதை அவர்கள் கண்டனர். ஒரு வகை தோற்றாலும் மற்றொன்று நிற்கும்.

லாஸ் பானோஸ் விதைக் களஞ்சியத்தில் 130,000க்கு மேற்பட்ட நெல் மாதிரிகள் குளிரறையில் பாதுகாக்கப்பெறுகின்றன. அது மானிடச் செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், குளிரறையில் உறங்கும் விதை வெயிலையும் வெள்ளத்தையும் அறியாது. ஆண்டுதோறும் விதைக்கப்பெறும் விதையே மாறிவரும் பருவத்தோடு தானும் பழகிக்கொள்ளும். இதனாலேயே மசிபாக் இயக்கத்தார் லூசோன், விசாயாஸ், மிண்டனாவ் ஆகிய மூன்று பகுதிகளிலும் காப்புப் பண்ணைகள் வைத்து, திரட்டிய வகைகளை மீண்டும் மீண்டும் பயிரிட்டுக் காத்து வந்தனர்.

பூவுக்குள் ஒரு கலை

தேர்ந்தெடுப்பதோடு உழவர் நிற்கவில்லை. புது வகைகளை உருவாக்கவும் கற்றனர். நெற்பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இயல்பினது. ஆகவே இரு வகைகளை இணைக்க வேண்டுமாயின், தாய்ப்பூவின் மகரந்தப் பைகளை அவை வெடிக்குமுன் நீக்கிவிட வேண்டும். மாலை நேரத்தில், மறுநாள் மலரவிருக்கும் பூவின் உமி முனையைக் கத்தரித்து, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் நுண்ணிய இடுக்கியால் எடுத்து, கதிரை உறையிட்டு மூடுவர். மறுநாள் முற்பகலில் தந்தைக் கதிரின் மகரந்தத்தை அதன்மேல் உதிர்ப்பர். ஏறத்தாழ ஒரு மாதத்தில் சில மணிகள் கிடைக்கும்.

அம்மணிகளை விதைத்தால் முதல் தலைமுறை ஒரே சீராக இருக்கும். இரண்டாம் தலைமுறையில் நெட்டையும் குட்டையும், முந்தியதும் பிந்தியதும் எனப் பிள்ளைகள் பலவிதமாய்ப் பிறக்கும். அவற்றுள் வேண்டியதைத் தேர்ந்து, ஆறு ஏழு தலைமுறை தொடர்ந்து விதைத்தால் வகை நிலைபெறும். ஆண்டுக்கு இருபோகம் என்றாலும் மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். இதற்கு வேண்டியவை கூரிய பார்வை, நடுங்காத கை, பொறுமை ஆகிய மூன்றே. இவை உழவரிடம் குறைவில்லாதவை. கல்லூரி வாயிலை மிதியாத உழவரும் இக்கலையில் தேர்ந்தனர். விஞ்ஞானியர் முதலில் கற்பித்தனர்; பின்னர்க் கற்ற உழவரே மற்ற உழவர்க்கு ஆசிரியராயினர்.

விதை ஓரிடத்தில் நில்லாது நாடு விட்டு நாடு செல்லும் என்பதற்குத் தமிழரிடையே நல்ல சான்று ஒன்று உண்டு. தமிழர் விரும்பியுண்ணும் பொன்னி அரிசி, மலேசியாவில் 1965இல் வெளியிடப்பெற்ற 'மாசுரி' நெல்லின் வழிவந்ததே. அந்த மாசுரியும் மலாய் நாட்டு நெல்லும் தைவான் நெல்லும் கலந்து பிறந்தது. விதை இவ்வாறு கைமாறிக் கைமாறியே வளர்ந்தது என்பதால்தான், அதற்குத் தனியொருவர் உரிமை கொண்டாடுவதை மசிபாக் உழவர் எதிர்த்தனர். இயக்கத்தில் உருவான விதை எதற்கும் காப்புரிமை கோருவதில்லை. விதையைப் பகிர்ந்தே வழங்க வேண்டும் என்பது அவர்தம் நெறி.

வளர்ச்சியும் கணக்கும்

ஹயேன் பண்ணையில் தொடங்கிய முயற்சி விசாயாஸ், மிண்டனாவ் தீவுகளுக்கும் பரவிற்று. 2009ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 35,000 உழவரும், 600க்கு மேற்பட்ட உழவர் அமைப்புகளும் இயக்கத்தில் இருந்தனர். நாட்டு வகைகளும் இயக்கத்தில் பிறந்தவையுமாக 2,000க்கு மேற்பட்ட நெல் வகைகள் திரண்டிருந்தன. வறட்சியைத் தாங்குவன, வெள்ளத்தைத் தாங்குவன, உவர் நீரைத் தாங்குவன என அவை வகைப்படுத்தப்பெற்றன. ஆண்டுதோறும் புயலுக்கு இலக்காகும் அந்நாட்டில் இஃது உயிர்காக்கும் செல்வமாகும்.

பயன் என்ன என்பதை அறிய 840 உழவரிடம் விரிவான ஆய்வு ஒன்று நடத்தப்பெற்று 2009இல் வெளியாயிற்று. முழுதும் இயற்கை முறையில் பயிரிடுவோர், அம்முறைக்கு மாறிவருவோர், இரசாயன முறையில் பயிரிடுவோர் என முப்பிரிவாக அவர்கள் ஒப்பிடப்பெற்றனர். எக்டருக்குச் சராசரி விளைச்சல் முறையே 3,424 கிலோ, 3,287 கிலோ, 3,478 கிலோ. அஃதாவது, உரமும் மருந்தும் வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் விளைச்சலில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் செலவு குறைந்ததால், இயற்கை முறை உழவரின் நிகர வருமானம் இரசாயன முறை உழவரினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. தம் குடும்பத்தின் உணவு நிலை 2000ஆம் ஆண்டைவிட மேம்பட்டது என்று கூறியவர், முன்னவருள் நூற்றுக்கு 88 பேர். பின்னவருள் 44 பேர்.

இவ்வாய்வு இயக்கத்தோடு தொடர்புடையோராலேயே நடத்தப்பெற்றது என்பதையும் நடுநிலையாளர் மனத்திற்கொள்ள வேண்டும். மேலும், நாட்டின் மொத்த நெல் உழவருள் மசிபாக் உழவர் சிறு தொகையினரே. 2024ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் 40 லட்சம் டன்னுக்கு மேல் அரிசியை இறக்குமதி செய்தது. ஆகவே, நாட்டின் உணவுச் சிக்கல் முழுவதையும் இவ்வியக்கம் தீர்த்துவிட்டது எனக் கூறுதல் மிகையாகும். சிறு உழவன் கடனாளி ஆகாமல் உழ முடியும் என்பதை அது மெய்ப்பித்தது, அத்துணையே கூறலாம், அத்துணையும் பெரிதே.

சட்டத்தின் வாயிலில்

2002இல் பிலிப்பைன்ஸ் பயிர்வகைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. புது வகையை உருவாக்குவோர்க்கு அதன்மேல் தனியுரிமை வழங்கும் அச்சட்டத்தை மசிபாக் எதிர்த்தது. மரபணு மாற்றிய கத்தரிக்காய்க்கு எதிரான வழக்கில் இயக்கமும் ஒரு கட்சியாயிற்று. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதன் வயற் சோதனைகளைத் தடுத்தது; 2016இல் அத்தீர்ப்பை அந்நீதிமன்றமே நீக்கிற்று. வைட்டமின் 'ஏ' சத்துக் குறையைப் போக்கும் என ஆராய்ச்சி நிலையத்தார் கூறிய 'பொன் அரிசி'க்கு 2021இல் அரசாங்கம் அனுமதி அளித்தது. மசிபாக் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. குழந்தைகளின் கண்ணொளியைக் காக்கும் நெல்லைத் தடுப்பது முறையா என்று விஞ்ஞானியர் பலர் வினவினர். காய்கறியும் கீரையும் பெருக்கினால் அச்சத்து கிட்டும், விதையின் உரிமையை இழக்க இயலாது என்று உழவர் விடையிறுத்தனர். இவ்வழக்காடல் அறிஞரிடையே தீர்ந்துவிடவில்லை.

மற்றொரு துறையில் அவர்தம் வெற்றி தெளிவானது. 2010ஆம் ஆண்டின் இயற்கை வேளாண்மைச் சட்டம், இயற்கை விளைபொருள் என்று பெயரிட்டு விற்க வேண்டுமாயின் வெளி நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும் என்றது. அதன் கட்டணம் ஏழை உழவனுக்கு எட்டாதது. உழவரே ஒருவர் வயலை ஒருவர் சோதித்துச் சான்றளிக்கும் முறையை மசிபாக் நடத்தி வந்தது. நெடுநாள் முயற்சிக்குப்பின், 2020 டிசம்பரில் நிறைவேறிய திருத்தச் சட்டம் அத்தகைய முறையை ஏற்றுக்கொண்டது.

கல்வியாளர்க்கு ஒரு பாடம்

மசிபாக் வரலாறு வேளாண்மைக்கு மட்டும் உரியதன்று, கல்விக்கும் உரியது. வினாவை ஒருவர் எழுப்ப, விடையை அவரே கூற, மற்றவர் அதனை மனனம் செய்வது ஒரு முறை. 'மசகானா 99' அத்தகையது. கற்பவனே வினா எழுப்பி, தானே அளந்து, குறித்து, ஒப்பிட்டு, விடை காண ஆசிரியர் உடனிருந்து துணைபுரிவது மற்றொரு முறை. மசிபாக் அத்தகையது. பின்னதில் விஞ்ஞானியின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. இனக்கலப்பின் நுட்பத்தை அவரன்றி உழவர் கற்றிருக்க முடியாது. ஆனால் எதை ஆராய்வது, யாருக்காக ஆராய்வது என்பதை முடிவு செய்யும் உரிமை வயலில் நிற்பவனிடம் இருந்தது.

ஏழை மக்கள் அறிவில்லாதவர் அல்லர். தம் அறிவின்மேல் நம்பிக்கை இழந்தவர். அந்நம்பிக்கையை மீட்டுத் தரும் பணி எங்கு நடந்தாலும் அது கல்விப் பணியே. மண்வெட்டி பிடித்த கை இடுக்கியும் பிடித்து, குறிப்பேடும் எழுதத் தொடங்கிய அந்நாளே பிலிப்பைன்ஸ் உழவர் வாழ்வில் புதுநாள் எனலாம்.